புல்லுக்கு மட்டும்தானா நினைவு?

சென்ற தவக்காலத்திற்குச் சற்று முன்பு எங்கள் பங்கின் வாசகர் வட்டத்தில் ஒரு திரைப்படம் பார்த்தோம். கதைப்படமன்று. அமெரிக்காவில் குடியேறிய ஒருவர் இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர்த் தம் தாயைக் காணச் செல்கிறார். கையோடு கொண்டுபோன சிறு கருவியால் கண்டவற்றைப் பதிவு செய்கிறார். கிணற்றடியில் நீர் இறைக்கும் தாய். திறந்த வெளியில் அடுப்பு மூட்டி உருளைக்கிழங்கு அடை சுடும் தாய். சிறுவர்களைப்போல் விளையாடும் நரை விழுந்த உடன்பிறப்புகள். படம் முடிந்தபோது எங்களில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டோம்.

பின்னர் நடந்த உரையாடலில் ஓர் இளைஞர் எழுந்தார். இப்படத்தை எடுத்தவரின் இளமைக்காலத்தைப் பற்றி 2018இல் வரலாற்றாசிரியர் ஒருவர் சில வினாக்களை எழுப்பியதாகவும், அவற்றை அறிந்தபின் இப்படத்தை முன்போல் பார்க்கத் தம்மால் இயலவில்லை என்றும் கூறினார். எங்கள் வட்டத்தின் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கனிவோடு அவரை அமரச் செய்தார். “தம்பி, கவிஞரிடம் கணக்குக் கேட்கலாகாது. அவர் தரும் கண்ணீரை வாங்கிக்கொள்வதோடு நம் உரிமை முடிந்தது” என்றார். எல்லாரும் தலையசைத்தோம். நானும் தலையசைத்தேன்.

அந்தத் தலையசைப்பைத் திரும்பப் பெறவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஐயா அவர்கள்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் அன்று அவர் கூறியது தவறு. அதை ஏற்றுக்கொண்ட நாங்களும் தவறினோம்.

யார் இவர்?

யோனாஸ் மேகாஸ் 1922இல் லித்துவேனியாவின் வடபகுதியில், பிர்ஷாய் நகர வட்டாரத்தைச் சேர்ந்த செமெனிஷ்கியாய் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவ்வட்டாரம் சீர்திருத்தச் சபையினர் மிகுந்த இடம். அவருடைய மாமன் அச்சபையின் போதகர். 1940இல் சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்தன. அப்போது மேகாஸ் கையில் புதிதாய்க் கிடைத்த நிழற்படக் கருவி ஒன்று இருந்தது. சாலையில் வந்த பீரங்கி வண்டிகளைப் படம் எடுத்தார். படைவீரர் ஒருவர் ஓடிவந்து கருவியிலிருந்த படச்சுருளை உருவி மண்ணில் போட்டு மிதித்தார். பிற்காலத்தில் மேகாஸ் பலமுறை கூறிய நிகழ்ச்சி இது. தம் முதற் படம் மிதிபடக் கண்டவர் எஞ்சிய வாழ்நாளெல்லாம் படங்களைச் சேர்த்துக் காத்தார் என்பதில் வியப்பில்லை.

1944 சூலையில் தம்பி அடோல்ஃபாசுடன் நாட்டைவிட்டு வெளியேறினார். செருமானியருக்கு எதிரான தலைமறைவு ஏட்டுக்குத் தாம் பயன்படுத்திய தட்டச்சுப் பொறி திருடுபோய்விட்டது, அதனால் பிடிபடும் அச்சம் வந்தது என்பது அவர் கூறிய காரணம். வியன்னா சென்று படிப்பது அவர்கள் எண்ணம். வழியில் தொடர்வண்டி திசைமாறி, ஆம்பர்க் நகரருகே எல்ம்ஸ்ஹோர்ன் என்னும் ஊரிலிருந்த கட்டாய உழைப்பு முகாமில் போய்ச் சேர்ந்தனர். போர் முடிந்தபின் வீஸ்பாடன், காசல் ஆகிய இடங்களில் அகதி முகாம் வாழ்க்கை; இடையே மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பு. 1949இல் நியூயார்க் வந்து புரூக்ளினில் குடியேறினர். வந்த சில வாரங்களிலேயே கடன் வாங்கிப் போலெக்ஸ் படக்கருவி ஒன்றை வாங்கினார். அதன்பின் 2019 சனவரியில் தம் 96ஆம் வயதில் இறக்கும்வரை அவர் பதிவு செய்வதை நிறுத்தவில்லை. வணிகம் சாராத திரைக்கலைக்கு அமெரிக்காவில் இதழும் கூட்டுறவும் காப்பகமும் அமைத்துத் தந்தவர் அவரே.

எனினும் திரைப்படத்திற்கு முன்பே அவர் கவிஞர். 1948இல் காசல் அகதி முகாமில் அச்சான ‘செமெனிஷ்கியாய் ஊர்ப்பாடல்கள்’ லித்துவேனிய மொழியின் சிறந்த கவிதை நூல்களுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. 1996இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது, லித்துவேனிய மண்ணிலேயே பிறந்த போலந்துக் கவிஞர், நோபல் பரிசாளர் செஸ்வாவ் மிவோஷ் முன்னுரை எழுதினார். ஆகவே நாம் பேசுவது ஓர் எளிய ஆளைப் பற்றியன்று. தம் வாழ்வையே பாடுபொருளாகவும், நினைவு என்றால் என்ன, வீடு என்றால் என்ன என்பதையே மெய்யியலாகவும் கொண்ட ஒரு பெருங்கவிஞரைப் பற்றிப் பேசுகிறோம்.

அழகு மெய்யானதே

அப்பாடல்களின் அழகை நான் மறுக்கவில்லை. முகாமின் மரக்கொட்டடியில் பசியோடு கிடந்த இருபத்துநான்கு வயது இளைஞர், திரும்பிப் போக இயலாத ஊரின் மழையையும் சேற்றையும் வயல்வேலையையும் ஒன்றுவிடாமல் எண்ணி எண்ணி அடுக்குகிறார். அலங்காரச் சொற்கள் இல்லை. பொருள்களின் பெயர்களும் வேலைகளின் பெயர்களும் பருவங்களின் பெயர்களுமே கவிதையாகின்றன. பெயர் சொல்லியே இழந்ததை மீட்டுவிடலாம் என்னும் நம்பிக்கை அங்கே ஒரு செபத்தைப்போல் இயங்குகிறது. புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளைப் பெற்ற நம்மவர் எவரும் அந்த வரிகளைக் கல் நெஞ்சோடு படிக்க முடியாது.

அந்த மரபின் மூத்தவரையும் இங்கே நினைக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் கிரிஸ்தியோனாஸ் தொனெலாய்திஸ் என்ற லூத்தரன் போதகர், லித்துவேனிய உழவரின் நான்கு பருவங்களைப் பெருங்காவியமாகப் பாடினார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்து 1818இல்தான் அது அச்சேறியது. அக்காவியத்திலும் வசந்தம் உண்டு, அறுவடை உண்டு. கூடவே, உழவரை வதைக்கும் மேலாளர்களும் உண்டு. குடித்துக் கெடுவோரும் சோம்பேறிகளும் உண்டு. தம் ஊரை நேசித்த அந்தப் போதகர் அதன் குற்றங்களை விலக்கிவிட்டு நேசிக்கவில்லை. ஆகவே, ஊர்ப்பாட்டு என்றாலே அழகை மட்டும் பாடவேண்டும் என்பது அந்நாட்டு இலக்கியத்தின் சட்டமும் அன்று.

அவரே தந்த அளவுகோல்

நாங்கள் பார்த்த படத்துக்குத் திரும்புவோம். தாயைக் கண்டபின், 1971ஆம் ஆண்டின் அதே பயணத்தில், மேகாஸ் எல்ம்ஸ்ஹோர்னுக்கும் செல்கிறார். தாமும் தம்பியும் அடிமைகளாய் உழைத்த முகாம் இருந்த இடத்தில் இப்போது புல் வளர்ந்திருக்கிறது. இங்கே ஒரு முகாம் இருந்தது என்பதை இவ்வூரில் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை, புல்லுக்கு மட்டுமே அது நினைவிருக்கிறது என்னும் பொருள்படப் படத்தில் அவர் குரல் ஒலிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

அந்தக் குரலில் வருத்தத்தோடு ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது என்பதை ஊன்றிக் கேட்பவர் உணர்வர். எல்ம்ஸ்ஹோர்ன் மக்கள் தம்மை அடித்தார்கள் என்று மேகாஸ் சொல்லவில்லை. அவர்கள் மறந்துவிட்டார்கள் என்கிறார். தங்கள் ஊரின் எல்லைக்குள், தங்கள் கண்ணெதிரே மனிதர் துன்புற்றதை நினைவில் கொள்ளும் கடமை அந்த ஊராருக்கு உண்டு, அதில் அவர்கள் தவறினார்கள் என்பதே அவர் வாதம். முற்றிலும் நேர்மையான வாதம். அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

ஏற்றுக்கொண்டபின், அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு பிர்ஷாய் நகருக்குப் போகவேண்டியிருக்கிறது.

காட்டில் கிடப்பவர்கள்

போருக்கு முன் பிர்ஷாய் நகர மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் யூதர். கடைக்காரர், தையற்காரர், மருத்துவர், ஆசிரியர் எனப் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள். 1941 சூனில் செருமானியப் படைகள் வந்தன. ஆகஸ்ட் 8ஆம் நாள், நகருக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஸ்த்ராவாஸ் காட்டில் ஏறத்தாழ 2,400 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 900 பேர் குழந்தைகள். சுட்டவர்களில் செருமானியரோடு உள்ளூர் லித்துவேனியரும் இருந்தனர். போர் முடிவதற்குள் லித்துவேனியாவின் யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அழிக்கப்பட்டுவிட்டனர்.

பிர்ஷாய்தான் மேகாஸ் உயர்நிலைப் படிப்பை முடித்த நகரம். செருமானிய ஆதிக்கத்தின்போது அந்நகரிலும், பின்னர்ப் பனெவெஷிஸ் நகரிலும் வெளிவந்த ஏடுகளில் அவர் பணியாற்றினார்; இலக்கியமும் பண்பாடும் பற்றி எழுதினார். அவ்வேடுகள் ஆதிக்கத்தாரின் இசைவோடு வெளிவந்தவை. யூத வெறுப்புப் பரப்புரையையும் தாங்கி வந்தவை. இச்செய்திகளை 2018இல் மைக்கேல் காஸ்பர் என்னும் வரலாற்றாசிரியர் ‘நியூயார்க் ரிவியூ ஆஃப் புக்ஸ்’ இதழில் விரிவாக எழுதினார்.

இங்கே தராசை நேராகப் பிடிக்க வேண்டும். மேகாஸ் எவரையும் கொன்றார் என்றோ, கொலைக்குத் துணைநின்றார் என்றோ எவரும் கூறவில்லை. அவர் எழுதியவை யூத வெறுப்புக் கட்டுரைகள் அல்ல. கேள்வி இவற்றைப் பற்றியதே அன்று.

கேள்வி இதுதான். அவருடைய ஊர்ப்பாடல்கள் பாடுவது போருக்கு முந்தைய கிராமத்தை. அவருடைய புகழ்பெற்ற நாட்குறிப்பு நூல் 1991இல் வெளிவந்தது; அது தொடங்குவது 1944 சூலையில், நாட்டைவிட்டு வெளியேறும் நாளில். ஒரு கரையில் இழந்த சொர்க்கம். மறுகரையில் அகதியின் துயரம். இரண்டுக்கும் இடையே 1941 முதல் 1944 வரை மூன்று ஆண்டுகள் ஓடுகின்றன. அந்த ஆண்டுகளில்தான் அஸ்த்ராவாஸ் காடு இருக்கிறது. எழுபது ஆண்டுகள் தம் வாழ்வையே எழுதியும் படமெடுத்தும் வந்த ஒருவரின் படைப்பில் அந்த ஆண்டுகளுக்குக் கிடைத்த இடம் மிகவும் சிறியது. எல்ம்ஸ்ஹோர்ன் புல்லுக்கு நினைவிருக்கிறது. அஸ்த்ராவாஸ் புல்லுக்கு நினைவு இல்லையா?

ஐயா அவர்களின் மூன்று வாதங்கள்

அன்றைய கூட்டத்திற்குப் பின்னும் ஐயாவோடு இதுபற்றிப் பேசினேன். அவர் மூன்று வாதங்களை முன்வைத்தார். மூன்றும் வலிமையானவை, ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: “அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. உழவர் வீட்டுப் பிள்ளை. துப்பாக்கிகளுக்கு நடுவே அவரால் என்ன செய்திருக்க முடியும்?” ஒன்றும் செய்திருக்க முடியாது என்றே நானும் நினைக்கிறேன். அந்த வயதில் அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அஞ்சி ஒடுங்கியிருப்பேன். ஆனால் நாம் கேட்பது பதினெட்டு வயதில் அவர் செய்ததைப் பற்றியன்று. முப்பதிலும் ஐம்பதிலும் எழுபதிலும் அவர் எழுதியதைப் பற்றிக் கேட்கிறோம். ஆதிக்கத்தின்கீழ் வாய்மூடி இருப்பதற்கு அச்சம் என்று பெயர், அது மன்னிக்கத்தக்கது. புரூக்ளினில், கையில் எழுதுகோலும் படக்கருவியும் வாசகரும் இருக்கையில் தொடரும் அமைதிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இரண்டாவது: “கவிதை வரலாறு அன்று. கவிஞர் உணர்வைத் தருவார். செய்தியை நாளேட்டில் தேடு.” கற்பனைக் காவியம் எழுதுவோருக்கு இது பொருந்தலாம். ஆனால் மேகாஸ் தம் படைப்புக்கு நாட்குறிப்பு என்று பெயரிட்டார். நாளையும் ஊரையும் குறித்தார். நான் அங்கே இருந்தேன், நானே கண்டேன் என்பதே அவர் கவிதையின் ஆற்றல். நாங்கள் கண்ணீர் விட்டதும் அதனால்தான். அந்தத் தாய் நடிகை அல்லள், அவர் பெற்ற தாய் என்பதனால் அழுதோம். கண்ணால் கண்ட சாட்சி என்னும் தகுதியைப் பெற்றுக்கொண்டு, குறுக்குக் கேள்வி வரும்போது நான் சாட்சி அல்லன், பாடகன் என்று கூண்டிலிருந்து இறங்கிவிட முடியாது. பக்கத்தின் தலையில் தேதியை எழுதியவர் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவர்.

மூன்றாவது: “அவரும் துன்புற்றவர்தானே? வீடும் நாடும் மொழியும் இழந்தவர்தானே?” ஆம். அதை எவரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஒருவர் பட்ட துன்பம் பிறர் துன்பத்தின் கணக்கைத் தீர்த்துவிடாது. பட்டவர்க்கே பிறர் துன்பம் விரைவில் விளங்க வேண்டும். எல்ம்ஸ்ஹோர்னில் மறக்கப்படுவதன் வேதனையை அறிந்தவர் என்பதாலேயே மேகாசிடம் நாம் கூடுதலாக எதிர்பார்க்கிறோம்.

இவற்றின் அடியில் இன்னொரு வாதம் ஒளிந்திருக்கிறது. படத்திறனாய்வாளர்கள் அதைத்தான் கூறுவர். சிறு சிறு கீற்றுகளாகவே வாழ்வைக் காண்பது அவர் கலை, கீற்றில் எல்லாவற்றையும் அடக்க முடியாது என்பர். 2000ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட படம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடுகிறது. மனைவி, மக்கள், நண்பர், பனி, பூக்கள், உணவு மேசை என மகிழ்ச்சியின் கீற்றுகள் அதில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அன்றாட வாழ்வின் சிறு மகிழ்ச்சிகளே மீண்டும் கிடைத்த சொர்க்கம் என்பது அவர் மெய்யியல். அது உயர்ந்த மெய்யியல், நன்றியறிதல் நிறைந்தது. ஆனால் சொர்க்கத்தைப் பற்றி நாம் அறிந்த முதல் நூலில், தோட்டம் வரும் ஏட்டை அடுத்துச் சகோதரனின் இரத்தம் சிந்திய வயலும் வருகிறது. அந்த வயலில் ஆண்டவர் காயீனிடம் கேட்ட கேள்வி, கொன்றவனுக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அண்டை வயலில் நின்றவர்களையும் அது தொடுகிறது.

எரிகோ சாலையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு விலகிப்போன குருவும் லேவியரும் அவரை அடித்தவர்கள் அல்லர். அவர்களில் ஒருவர் முதிய வயதில் தம் வாழ்வை எழுதியிருந்தால், அந்தச் சாலையின் வெயிலையும் மலைச்சரிவையும் மிக அழகாக வருணித்திருக்கக்கூடும். ஒன்றைத் தவிர அதில் எல்லாமே உண்மையாக இருந்திருக்கும். திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல் மூன்றையும் சொல்லிவிட்டு நான்காவதாகக் கடமையில் தவறுவதையும் நாம் அறிக்கையிடுவது ஏன்? செய்யாமல் விட்டதும் நம் வாழ்க்கை வரலாற்றின் பகுதியே என்பதனால்தான்.

கணக்குக் கொடுத்த கவிஞர்கள்

தன் வாழ்வை எழுதுபவர் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கையன்று. தன்வரலாற்று இலக்கியத்தின் தந்தை எனப்படும் புனித அகுஸ்தினார், பதினாறு வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதை எவ்வளவு பக்கங்களில் ஆராய்கிறார்! பசிக்காகத் திருடவில்லை, சுவைக்காகவும் இல்லை, கூட்டத்தோடு சேர்ந்து தீமை செய்யும் இன்பத்துக்காகவே என்று தம்மையே கிழித்துப் பார்க்கிறார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திராது. அவருக்கும் ஓர் அமைதி உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை: பல ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்து தம் மகனைப் பெற்றெடுத்த பெண்ணின் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. புனிதரிடமே அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் வாசகர்கள். கேட்பதால் அவர் பெருமை குன்றிவிடவில்லை.

இனி மிவோஷ். 1943 ஏப்ரலில் வார்சாவில் யூதர் அடைக்கப்பட்ட பகுதி எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு இப்பால் குடை இராட்டினம் சுற்றியது. மக்கள் ஏறிச் சிரித்தார்கள். மிவோஷ் அதைக் கண்டார். அந்த ஆண்டிலேயே கவிதையாக எழுதினார். எளிய கிறிஸ்தவர் ஒருவர் அந்த எரிந்த பகுதியைப் பார்ப்பதாக மற்றொரு கவிதையும் எழுதினார். பிற்காலத்தில், பிறர் சாகும்போது பார்வையாளனாக நின்று எழுதியது அறத்துக்கு ஒத்ததா என்று தம் கவிதையையே ஐயுற்றார். பேசிய பின்னும் தாம் பேசியது போதுமா என்று தம்மைக் கேட்டுக்கொண்டவர் அவர்.

அக்கவிதைகள் விதைத்தது 1987இல் முளைத்தது. திறனாய்வாளர் யான் புவோன்ஸ்கி, அந்த இரண்டாம் கவிதையின் தலைப்பைத் தழுவி, ஏழைப் போலந்தியர் அந்தப் பகுதியைப் பார்ப்பதாகத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கொலையைச் செய்தவர் செருமானியரே. ஆயினும் உதவாமலும் வருந்தாமலும் நின்ற அண்டை வீட்டார் என்ற முறையில் நமக்கும் ஒரு குற்றப் பங்கு உண்டு, அதை ஒப்புக்கொள்வோம் என்பது அவர் கருத்து. நாடே கொதித்தது, சினமும் மறுப்பும் நிறைந்த கடிதங்கள் குவிந்தன. அதை வெளியிட்டது எந்த இதழ் தெரியுமா? கிராக்கோவிலிருந்து வரும் ‘திகோத்னிக் பொவ்ஷெக்னி’ என்னும் கத்தோலிக்க வார இதழ். தன் வாசகர்கள் கேட்க விரும்பாததை அவர்கள் முன் வைக்கும் துணிவு அந்த இதழுக்கு இருந்தது.

எரிப்பவர்களுக்கும் ஒரு சொல்

எங்கள் இளைஞரோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. இனி மேகாசைப் படிக்கமாட்டேன், பார்க்கமாட்டேன் என்கிறார். இது ஐயாவின் நிலைக்கு நேர் எதிரானது போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்துக்கே போய்ச் சேர்கின்றன. ஒருவர் கண்ணீரைப் பெற்றுக்கொண்டு கேள்வியைத் தள்ளுகிறார். மற்றவர் கேள்வியை வைத்துக்கொண்டு கவிதையைத் தள்ளுகிறார். இருவருக்கும் வேலை எளிதாக முடிந்துவிடுகிறது.

தொண்ணூற்றைந்து வயதில், 2018இல், அமெரிக்காவின் யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்திற்கு மேகாஸ் நீண்ட வாய்மொழி நேர்காணல் அளித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முதிய மனிதர் கேள்விகளுக்கு முன் அமர்ந்தார். அது அவருக்கு மதிப்புச் சேர்க்கிறது. எனினும் அது பிறர் கேட்டதற்குத் தந்த விடை. அவருடைய கவிதை தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே நிற்கிறது.

கவிஞர் முடிக்காததை வாசகர் முடிக்கலாம். செமெனிஷ்கியாய்ப் பாடல்களைப் படிப்போம். படிக்கும்போது அஸ்த்ராவாஸ் காட்டையும் அருகில் வைத்துக்கொள்வோம். அங்கே 2019இல், மேகாஸ் மறைந்த அதே ஆண்டில், கொல்லப்பட்ட குடும்பங்களின் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. பெயர் சொல்லி மீட்பதே தம் கவிதையின் வழி என்று கற்பித்தவர் மேகாஸ். அந்தப் பெயர்களும் அப்பாடல்களின் விடுபட்ட பக்கங்களே.

என் தலையசைப்பு

கடைசியாக ஒன்று. அன்று நான் ஏன் அவ்வளவு விரைவாகத் தலையசைத்தேன்?

பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த ஊரின் ஆலயத் திருவிழாவைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுதினேன். கொடியேற்றம், நவநாள், வாணவேடிக்கை, தேர்ப்பவனி எல்லாம் எழுதினேன். தேர் எங்கள் வீட்டு வாசலில் நின்றதும், அம்மா உப்பும் மிளகும் காணிக்கை போட்டதும் எழுதினேன். பலர் பாராட்டினர். ஒரு மாதம் கழித்து அதே ஊரைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. கட்டுரை நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டு, “அந்தத் தேர் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை, அதையும் தாங்கள் அறிவீர்கள்” என்று முடித்திருந்தார். அறிவேன். சிறுவனாயிருந்தபோதே அறிவேன். நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தத் தெரு மட்டும் இல்லை.

அவ்வட்டைக்கு நான் மறுமொழி எழுதவில்லை. கவிஞரிடம் கணக்குக் கேட்கலாகாது என்று ஐயா சொன்னபோது என் நெஞ்சில் ஓர் ஆறுதல் பரவியது. அந்த ஆறுதலுக்காகவே தலையசைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் அப்படத்தை மீண்டும் திரையிடுமாறு கேட்டிருக்கிறேன். திரையிடுமுன் பிர்ஷாயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதாக அந்த இளைஞர் ஒப்புக்கொண்டார். ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அஞ்சலட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இக்கட்டுரையை அனுப்பிவிட்டு அதற்கு மறுமொழி எழுத உட்காருகிறேன். பிந்திவிட்ட மறுமொழிதான். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.